செல்லுக்கு ஏற்ற சிப்: மைக்ரோ, நானோ புனைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மின்னணுவியல் படித்தவன். ஒரு கல்லூரியின் நுண்புனைவு ஆய்வகத்தை, அதாவது மிகச் சிறிய வாய்க்காலும் ஊசியும் மின்முனையும் கொண்ட சிப்களைச் செய்யும் இடத்தை, பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் உயிரித் தொழில்நுட்பமும் உயிர்மருத்துவப் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள். ஸ்பின் கோட்டரையே (பிசினைச் சுழற்றிப் பூசும் கருவி) அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் வெள்ளைப் பலகையில் எழுதி அழித்ததை இந்த முறை உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மைக்ரோ, நானோன்னு சொல்றாங்களே, உண்மையில் எவ்வளவு சின்னது சார்?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். அதை மறுபடி ஆயிரம் பங்காக்கினால் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். டிஎன்ஏ இழையின் குறுக்களவு 2 நானோமீட்டர்.

எதைத் தொடப் போகிறீர்களோ, அதன் அளவுதான் எந்த முறை வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். செல்களை ஓட்டவும் பிரிக்கவும் வளர்க்கவும் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் அகலச் சேனல், அதாவது திரவம் ஓடும் நுண்வாய்க்கால், போதும். ஆய்வேட்டின் தலைப்பில் நானோ என்று இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்து 200 நானோமீட்டர் சேனல் கேட்டு வருகிறார்கள். என்ன ஓட்டப் போகிறாய் என்று கேட்டால் சிவப்பணு என்கிறார்கள். அந்த வாசலுக்குள் அது தலையைக்கூட நுழைக்காது.

இவ்வளவு சின்னதா செஞ்சு என்ன லாபம்? பெரிய குழாயில செய்ய முடியாதா?

மாதிரி குறைவாகப் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அதைவிட முக்கியம், அளவு சுருங்கினால் நீரின் குணமே மாறிவிடுகிறது. 100 மைக்ரோமீட்டர் சேனலில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரின் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்று காட்டும் எண்) வெறும் 0.1. அங்கே சுழிப்பு கிடையாது. இரண்டு நிறத் தண்ணீரைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கரைவேட்டியின் இரண்டு நிறக் கரை போல ஒட்டிக்கொண்டே ஓடும், கலக்காது. கலப்பதெல்லாம் விரவல் மூலம்தான், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவினால்தான். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிறு மூலக்கூறு ஒன்று 100 மைக்ரோமீட்டரைக் கடக்கச் சுமார் 10 விநாடி ஆனால், 10 மைக்ரோமீட்டரைக் கடக்க 0.1 விநாடி போதும்.

சூடும் அப்படித்தான். சில மைக்ரோலிட்டரைச் சூடாக்கிக் குளிர்விக்க அதிக மின்சாரம் தேவையில்லை. கோவாவின் மோல்பயோ நிறுவனமும் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் உருவாக்கிய ட்ரூநாட் கருவி இதற்கு நம் நாட்டு உதாரணம். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினை ஒரு சிறு சிப்பின் மேல் நடப்பதால் கருவி மின்கலத்திலேயே ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கலாம். காசநோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்தலாம் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

இது கம்ப்யூட்டர் சிப் செய்யுற அதே முறைதானே? உயிரியலுக்குன்னு புதுசா என்ன?

தொடக்கத்தில் அதேதான். 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் டெர்ரியும் உடனிருந்தவர்களும் சிலிக்கன் வேஃபரை (மெல்லிய வட்டத் தகடு) குடைந்து, வாயுக் கலவையைப் பிரித்துக் காட்டும் ஒரு முழுக் கருவிக்கான (கேஸ் குரோமட்டோகிராஃப்) சுருள் குழாயை அதில் அடக்கினார்கள். சிலிக்கனில் எல்லாமே செய்யலாம். ஆனால் விலை அதிகம், ஒளி ஊடுருவாது. உயிரியல்காரருக்கு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமே! கண்ணாடி ஒளியை விடும், ஆனால் குடைவது சள்ளை.

1990-களில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு வேறு வழியில் போனது. கடினமான வேலையை ஒரே ஒரு முறை செய்து ஓர் அச்சு எடுத்துக்கொள்வது, அப்புறம் அதன் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி வேண்டிய அளவு பிரதி எடுப்பது. இட்லித் தட்டு மாதிரி. தட்டைச் செய்யப் பட்டறை வேண்டும், இட்லி ஊற்றப் பட்டறை வேண்டாம். அந்த ரப்பர்தான் பிடிஎம்எஸ். 1998-இல் அந்தக் குழு இதைத் திரவச் சேனல்களுக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, கிளீன் ரூமையே (தூசி வடிகட்டிய அறை) பார்த்திராத உயிரியல் ஆய்வகங்களும் சிப் செய்ய ஆரம்பித்தன. இதற்கு மென் லித்தோகிராஃபி என்று பெயர். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர்க்கு இது ஒன்றே போதும். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

அந்த அச்சை எப்படிச் செய்றீங்க? படிப்படியா சொல்லுங்க.

கணினியில் வரைந்த படத்தை முதலில் மாஸ்க்காக அச்சடிக்கிறோம். கோலமாவு சலிக்கும் ஓட்டைத் தட்டு போல, எங்கே ஒளி போகலாம், எங்கே கூடாது என்று அது சொல்லும். சேனல் அகலம் சில பத்து மைக்ரோமீட்டர் என்றால் உயர்தெளிவு அச்சகத்தில் எடுத்த பிளாஸ்டிக் ஃபிலிமே போதும். பத்துக்குக் கீழே போனால் கண்ணாடியில் குரோமியம் பூசிய மாஸ்க் வேண்டும், செலவும் கூடும்.

சுத்தம் செய்து உலர்த்திய சிலிக்கன் வேஃபரின் நடுவில் எஸ்யு-8 என்ற தேன் போன்ற பிசினை ஊற்றிச் சுழற்றுவோம். சுழற்சி வேகம்தான் பூச்சின் தடிமனை நிர்ணயிக்கும், அந்தத் தடிமன்தான் நாளை உங்கள் சேனலின் உயரம். எஸ்யு-8 2050 என்ற வகையை நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓட்டினால் சுமார் 50 மைக்ரோமீட்டர் கிடைக்கும். பிறகு 65 டிகிரி, அடுத்து 95 டிகிரி செல்சியஸில் சூடுகாட்டிக் கரைப்பானை ஆவியாக்குவோம். மாஸ்க்கை மேலே வைத்து 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி காட்டுவோம். ஒளி பட்ட இடத்தில் ஓர் அமிலம் பிறக்கும். மறுபடி சூடுகாட்டும்போது அந்த அமிலம் பிசினை இறுக்கிவிடும். கழுவினால் ஒளி படாத இடம் கரைந்து போகும், பட்ட இடம் சுவராக நிற்கும். ஒளியால் இப்படி வடிவம் எடுப்பதுதான் லித்தோகிராஃபி.

இதில் அவசரப்பட்டால் கெடும் இடம், ஒளி காட்டிய பிறகு கொடுக்கும் சூட்டிலிருந்து இறக்கும் நேரம். சூடான தட்டிலிருந்து எடுத்து நேராகக் குளிர்ந்த மேசையில் வைத்தால் படலத்தில் விரிசல் ஓடும். தட்டின் மேலேயே விட்டு மெல்ல ஆறவிடுங்கள். கடைசியில் வேஃபருக்கு ஃபுளோரோசிலேன் ஆவி காட்ட வேண்டும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதற்குச் சமம். இதை மறந்தால் பிடிஎம்எஸ் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது சுவரும் கூடவே வந்துவிடும்.

ஏன் ரூம் முழுக்க மஞ்சள் விளக்கு?

மேலே சொன்னது போன்ற பிசின்கள் புற ஊதாவுக்கும், சில நீல ஒளிக்கும் வினைபுரியும், மஞ்சளுக்குப் புரியாது. அவ்வளவுதான். செல்ஃபி எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள்.

கிளீன் ரூம் இல்லாம செய்யவே முடியாதா?

ஐஎஸ்ஓ 5 தரத்து அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தூசி 3,520 மட்டுமே இருக்கலாம். கணினிச் சிப்பின் கோடுகள் நானோமீட்டர் கணக்கு, ஒரு தூசி விழுந்தால் கதை முடிந்தது. உங்கள் சேனல் 100 மைக்ரோமீட்டர். அதன் மேல் ஒரு மைக்ரோமீட்டர் தூசி விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

எனவே அச்சு செய்ய ஓரளவு சுத்தமான அறை நல்லது. வார்ப்பதற்கும் ஒட்டுவதற்கும் சாதாரண ஆய்வகத்தில் ஒரு சுத்தக் காற்று மேசை போதும். தூசி உண்மையிலேயே வில்லனாகும் இடம் ஒட்டும் கட்டம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிடிஎம்எஸ் ஊத்தி ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு துப்பறியும் வரிசை வைத்திருக்கிறேன். முதலில் விகிதம். சில்கார்டு 184 என்ற பிடிஎம்எஸ் தொகுப்பில் பத்துப் பங்கு மூலத்துக்கு ஒரு பங்கு இறுக்கி. எடை பார்த்துக் கலந்தீர்களா, கண்ணளவா? அடுத்து, எவ்வளவு நேரம் கலக்கினீர்கள்? குமிழி வந்து வெள்ளையாக நுரைக்கும் வரை கலக்க வேண்டும். பிறகு வெற்றிடக் கலத்தில் வைத்துக் குமிழி போக்கி, 65 முதல் 70 டிகிரியில் சில மணி நேரம் விட்டால் இறுகிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால், கையில் என்ன உறை போட்டிருந்தீர்கள் என்று கேட்பேன். பிடிஎம்எஸ்ஸை இறுக்குவது மிகச் சிறிதளவு பிளாட்டினம் வினையூக்கி. கந்தகம், அமீன், சில வெள்ளீயச் சேர்மங்கள் அதை முடக்கிவிடும். லேட்டெக்ஸ் உறையில் கந்தகம் இருக்கிறது. அந்தக் கையால் வேஃபரைத் தடவியிருந்தால் தடவிய இடம் மட்டும் இறுகாது. நைட்ரைல் உறைக்கு மாறியதும் பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

கண்ணாடியோட ஒட்டவே மாட்டேங்குது. ஒட்டினாலும் தண்ணி விட்டதும் கசியுது.

பிடிஎம்எஸ்ஸையும் கண்ணாடியையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன் வாயு) அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காட்டினால் இரண்டின் மேற்பரப்பிலும் சிலனால் தொகுதிகள் (சிலிக்கனோடு ஒட்டிய ஓஎச்) உருவாகும். தொட்டு வைத்ததும் அவை சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பிணைப்பாகிவிடும். இது பசை இல்லை, வேதிப் பிணைப்பு. சரியாக ஒட்டியிருந்தால் பிய்க்கும்போது ரப்பர்தான் கிழியும், ஒட்டு பிரியாது.

ஒட்டாமல் போக மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, தூசி. ஒரு தூசி தன்னைச் சுற்றிச் சிறு கூடாரம் போட்டுக்கொள்ளும், அந்த வழியாகக் கசியும். செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தால் போய்விடும். இரண்டு, தாமதம். பிளாஸ்மாவிலிருந்து எடுத்ததும் சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிட வேண்டும். போன் வந்தது என்று வெளியே போனால் மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும். மூன்று, பேராசை. ரொம்ப நேரம் காட்டினால் நல்லது என்று பத்து நிமிடம் வைப்பார்கள். மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் உருவாகி வெடித்துப்போகும். இன்னொன்று, அக்ரிலிக் தட்டின் மேலோ பாலிஸ்டைரீன் வளர்ப்புத் தட்டின் மேலோ இந்த முறை அப்படியே வேலை செய்யாது. அவற்றில் சிலிக்கன் இல்லை. அமினோசிலேன் கொண்டு முதலில் பதப்படுத்த வேண்டும்.

சேனலுக்குள்ள குமிழி வந்து எல்லா செல்லும் செத்துப்போச்சு. என்ன செய்ய?

லித்தோகிராஃபியில் தோற்ற மாணவர்களைவிடக் குமிழியில் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குமிழி நகரும்போது அதன் விளிம்பு செல்களைத் தரையிலிருந்து வழித்துக்கொண்டு போய்விடும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வளர்ப்பு ஊடகத்தை நேராக விடாதீர்கள். குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும், 37 டிகிரிக்கு வந்ததும் வெளியேறும். முதலில் எத்தனால், பிறகு நீர், பிறகு ஊடகம் என்று நிரப்புங்கள். எத்தனால் மூலை முடுக்கெல்லாம் ஏறும். பிளாஸ்மா முடிந்து ஒட்டிய கையோடு நிரப்பினால் இன்னும் எளிது, அப்போது சேனல் தண்ணீரை விரும்பும் நிலையில் இருக்கிறது. பிடிஎம்எஸ் காற்றை உள்வாங்கும் என்பதை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வெளி வாசலை அடைத்துவிட்டு மெல்ல அழுத்தம் கொடுத்தால் மாட்டிக்கொண்ட குமிழி ரப்பர் வழியாகவே வெளியேறிவிடும்.

அழுத்தம் என்றதும் ஒன்று. சேனலின் உயரத்தைப் பாதியாக்கினால், அதே ஓட்டத்துக்கு எட்டு மடங்கு அழுத்தம் தேவை. 50 மைக்ரோமீட்டரில் அழகாக ஓடியதை 25-க்கு மாற்றிவிட்டுக் குழாய் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று பம்பைத் திட்டுவார்கள்.

3டி பிரிண்டர்ல அச்சடிச்சுட்டா இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாமே?

200, 300 மைக்ரோமீட்டருக்கு மேல் என்றால் தாராளமாக. மேசைமேல் வைக்கும் ரெசின் பிரிண்டரின் ஒரு புள்ளியே பெரும்பாலும் 20 முதல் 50 மைக்ரோமீட்டர். அதைவிடச் சின்னதாக அதனிடம் கேட்கக் கூடாது. சுவரும் படிப்படியாக இருக்கும். வழவழப்பு வேண்டுமென்றால் அது ஆகாது.

பிரிண்ட் செய்த அச்சில் பிடிஎம்எஸ் ஊற்றினால் இறுகாத பிரச்சினை வரும். மீந்த ரெசின் மேலே சொன்ன பிளாட்டினத்தைத் தடுக்கிறது. நன்றாகக் கழுவி, புற ஊதாவில் நெடுநேரம் வைத்து, அடுப்பில் சுட்டு, பிறகு ஊற்றுங்கள். அச்சை விட்டுவிட்டுச் சிப்பையே ரெசினில் அடித்துச் செல் வளர்ப்பேன் என்றால், அந்த ரெசின் செல்லைக் கொல்லுமா என்று முதலில் சோதியுங்கள். பல ரெசின்கள் கொல்லும்.

இரு ஃபோட்டான் முறை என்று ஒன்று உண்டு. லேசரின் குவியத்தில் மட்டும் பிசின் இறுகும், அதனால் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே முப்பரிமாணத்தில் வரையலாம். படத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வேகம்தான் நத்தை.

சரி, எனக்கு நிஜமாவே நானோ அளவு வேணும். என்ன வழி?

முதல் கேள்வியின் பதிலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மாஸ்க்கைப் பொருத்தி ஒளி காட்டும் சாதாரணக் கருவியில், மாஸ்க்கின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது குறுக்கே நிற்கும், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரோடு சரி. அதற்குக் கீழே எலக்ட்ரான் கற்றை. 10 நானோமீட்டர் கோடுகூடப் போடலாம். ஆனால் பேனாவால் எழுதுவது போல ஒவ்வொரு புள்ளியாக எழுத வேண்டும். ஒரு கணக்கு: சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோகூலோம் மின்னூட்டம் தேவைப்படும் பிசினில் 1 நானோஆம்பியர் கற்றையைக் கொண்டு ஒரு சதுர சென்டிமீட்டர் முழுவதையும் எழுத 1 லட்சம் விநாடி ஆகும், அதாவது சுமார் 28 மணி நேரம். கற்றையைக் கூட்டலாம், கோடு தடிக்கும்.

இதற்கும் இட்லித் தட்டு யோசனைதான் கைகொடுத்தது. 1995-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சௌ, எலக்ட்ரான் கற்றையால் ஒருமுறை எழுதிய கடின அச்சைச் சூடான பாலிமரில் அழுத்தி 25 நானோமீட்டர் அளவுக் குழிகளைப் பதித்துக் காட்டினார். நானோஇம்பிரிண்ட் என்று பெயர். செல் எந்தத் திசையில் நீள வேண்டும் என்று வரிப்பள்ளங்களால் வழிகாட்டும் ஆய்வுகளுக்கு இது வசதி.

இயற்கை இதை முன்பே செய்து வைத்திருக்கிறது. ஒருவகைச் சில்வண்டின் இறக்கை மேல் வரிசை வரிசையாக நானோ தூண்கள் நிற்கின்றன. அதில் உட்காரும் பாக்டீரியாவின் சவ்வு இழுபட்டுக் கிழிந்துவிடுகிறது என்று 2012-இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். மருந்தே இல்லாமல், வெறும் வடிவத்தாலேயே கொல்லும் பரப்பு. எலும்புக்குள் வைக்கும் உள்வைப்புகளில் இதைக் கொண்டுவர முயல்கிறார்கள்.

எலக்ட்ரோஸ்பின்னிங்கும் இதுல சேருமா? எங்க லேப்ல அதுதான் இருக்கு.

சேரும். பாலிமர்க் கரைசல் நிரப்பிய ஊசிக்கு 10 முதல் 20 கிலோவோல்ட் கொடுத்தால் நுனியிலிருந்து மெல்லிய தாரை கிளம்பும், வழியிலேயே கரைப்பான் ஆவியாகி, எதிரே உள்ள தகட்டில் இழைகளாகப் படியும். 1934-இலேயே ஃபார்ம்ஹால்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார், துணி இழைக்காக. நூறு நானோமீட்டரிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை தடிமன் கிடைக்கும். நம் திசுவில் உள்ள கொலாஜன் இழைகளும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால் காயக் கட்டுகளுக்கும், செல் பற்றி வளரும் திசுச் சட்டகங்களுக்கும் பொருந்துகிறது.

குறை என்னவென்றால் இழை போகிற போக்கில் விழும். எந்த இழை எங்கே என்று நீங்கள் சொல்ல முடியாது. அப்புறம், மழைக்கால ஈரப்பதத்தில் வரும் இழையும் கோடையில் வரும் இழையும் வேறு. அறையின் ஈரப்பதத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு மாணவியின் தரவைக் கடைசியில் ஒப்பிடவே முடியவில்லை.

மெடிக்கல்ல வாங்குற கர்ப்பப் பரிசோதனை அட்டை, சுகர் ஸ்ட்ரிப் எல்லாம் இந்த வகைதானா?

பாதி ஆமாம். அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு தங்க நானோ துகள்கள். சுமார் 40 நானோமீட்டர் அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும். ஆனால் அந்தத் துகளை யாரும் செதுக்குவதில்லை. தங்க உப்பைச் சிட்ரேட்டோடு கொதிக்க வைத்தால் தானாக உருவாகும். திரவம் ஓடுவது நைட்ரோசெல்லுலோஸ் தாளின் துளைகள் வழியாக. லித்தோகிராஃபி எங்கேயும் இல்லை.

சுகர் ஸ்ட்ரிப்பில் மின்முனைகளைப் பெரும்பாலும் திரையச்சு முறையில் கார்பன் மையால் அடிக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே முறைதான். ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தம் தந்துகிக் கவர்ச்சியால் தானே உள்ளே ஏறுகிறது. உலகில் அதிகம் விற்கும் நுண்திரவக் கருவிகளில் இவை சேரும். பிடிஎம்எஸ் ஒரு துளியும் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் மாணவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மைக்ரோ ஊசி வலிக்காதுன்றாங்க, நம்பலாமா?

பெருமளவு நம்பலாம். மருந்து உள்ளே போகவிடாமல் தடுப்பது தோலின் மேலடுக்கு, அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். சில நூறு மைக்ரோமீட்டர் நீள ஊசி அதைத் தாண்டிவிடும், வலி உணரும் நரம்புகளை அதிகம் தொடாது. 1998-இல் ஜார்ஜியா டெக்கில் மார்க் பிரவுஸ்னிட்ஸின் குழு சிலிக்கனில் பொறித்த ஊசி வரிசையைக் காட்டியது. சிலிக்கன் உடைந்து தோலுக்குள் தங்கினால் என்ன ஆகும் என்ற கவலையால், கரையும் ஊசிகளுக்கு மாறினார்கள். இங்கும் பிடிஎம்எஸ் அச்சுதான். அதில் சர்க்கரை போலக் கரையும் பாலிமரையும் மருந்தையும் வெற்றிடத்தின் உதவியோடு நிரப்பி உலர்த்துவார்கள்.

ஃப்ளூ தடுப்பூசியைக் கரையும் ஊசிப் பட்டையாக மனிதரில் சோதித்த முடிவு 2017-இல் வந்தது. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிப் பட்டையைக் காம்பியாவில் குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. குளிர்ப்பெட்டியும் பயிற்சி பெற்ற செவிலியரும் எட்டாத ஊர்களுக்கு இது வேண்டும். ஒரு பட்டையில் ஏற்றக்கூடிய மருந்து மிகக் குறைவு, அதனால் எல்லா மருந்துக்கும் ஆகாது.

உறுப்புச் சிப் வந்துட்டா எலியே வேண்டாமா?

உறுப்புச் சிப் என்றால் ஓர் உறுப்பின் செல்களைச் சிப்பில் வளர்த்து அந்த உறுப்பைப் போல நடக்க வைப்பது. 2010-இல் டாங்யூன் ஹூவும் டொனால்ட் இங்பரும் ஹார்வர்டில் செய்த நுரையீரல் சிப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நடுவில் 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள துளையிட்ட பிடிஎம்எஸ் சவ்வு. மேலே நுரையீரல் செல்களும் காற்றும், கீழே இரத்தக்குழாய்ச் செல்களும் திரவமும். இரண்டு பக்கத்து அறைகளிலும் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட்டால் சவ்வு மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். தட்டில் வளர்த்த செல் செய்யாததை இந்த அசைவு கிடைத்ததும் செல் செய்தது.

2022 டிசம்பரில் அமெரிக்கா புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட வரியை நீக்கியது. 2023-இல் இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி இப்படிப்பட்ட முறைகளுக்கு இடம் கொடுத்தது. கட்டாயம் போயிற்று, தடை வரவில்லை. நோய் எதிர்ப்பு, ஹார்மோன், கல்லீரலில் மாறிச் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து என்று முழு உடலும் சேர்ந்து செய்வதை ஒரு சிப் சொல்லாது. என் கணிப்பில் எலி குறையும், இப்போதைக்கு ஒழியாது.

மருந்தை அளந்துதான் விட்டேன், சிப்புல பாதிதான் இருக்கு. எங்க போச்சு?

ரப்பருக்குள். பிடிஎம்எஸ் நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். மருந்துகளில் பல அந்த வகை. இதைக் கவனிக்காமல் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு எழுதிவிடுவார்கள். செல்லே போடாத வெற்றுச் சிப்பில் அதே மருந்தை ஓட்டி, வெளியே எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். அதிகம் குறைந்தால் கண்ணாடிக்கோ சைக்ளிக் ஓலிஃபின் பிளாஸ்டிக்குக்கோ மாறுங்கள்.

சிலிக்கன் சிப்பை உடம்புக்குள்ளயே வெச்சுடலாமா?

வைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய, மூளையில் பதிக்கும் யூட்டா மின்முனை வரிசை 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 100 ஊசிகள், ஒவ்வொன்றும் 400 மைக்ரோமீட்டர் இடைவெளியில். கைகால் செயலிழந்தவர்கள் நினைப்பால் கணினிச் சுட்டியை நகர்த்திய சோதனைகளில் மூளைக்குள் இருந்தது இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதன் ஊசிகளை வைர ரம்பத்தால் அறுத்து, பிறகு அமிலத்தால் கூராக்குகிறார்கள். எல்லாமே ஒளியால்தான் என்றில்லை.

சிக்கல் கடினத்தன்மையில். மூளை தயிர் மாதிரி, சிலிக்கன் அதைவிடப் பத்துக் கோடி மடங்கு அளவுக்கு விறைப்பு. மூளை ஒவ்வொரு துடிப்புக்கும் அசைய, ஊசி அசையாமல் நிற்க, சுற்றிலும் வடுத்திசு வளர்ந்து சமிக்ஞை மங்கிவிடும். அதனால்தான் பாலிஇமைடு, பாரிலீன் போன்ற வளையும் படலங்களில் மின்முனை செய்யப் போகிறார்கள். எதுவானாலும் உள்ளே போகும் பொருள், உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 வரிசைச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். செல் தட்டில் சாகவில்லை என்பது மட்டும் போதாது.

அமில வேலைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? கெமிஸ்ட்ரி லேப்ல நாங்க பார்க்காததா?

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கண்ணாடியையே கரைப்பதால் அதைப் பிளாஸ்டிக் குடுவையில்தான் வைப்போம். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது, அதுதான் ஆபத்து. உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பையே குலைக்கலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் குடுவையைத் திறக்கவே விடமாட்டேன். தனியாக நின்று இந்த வேலை செய்யவும் விடமாட்டேன்.

வேஃபர் கழுவும் பிரான்ஹா கரைசல், கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது. தானே சூடாகும். அதில் அசிட்டோன் கலந்தால் வெடிக்கும். கழிவுக் குடுவையை இறுக மூடினாலும் வாயு சேர்ந்து வெடிக்கும். எஸ்யு-8 அச்சு மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இவை இரண்டும் பெரும்பாலும் தேவையே இல்லை. தேவையில்லை என்றால் கேட்காதீர்கள்.

எனக்கு ஆயிரம் சிப் வேணும். ஆயிரம் தடவை ஊத்தணுமா?

பத்து, ஐம்பது வரை ஊற்றலாம். அதற்கு மேல் கம்பெனிகள் பிடிஎம்எஸ்ஸை விட்டுவிட்டு, உலோக அச்சு செய்து, சூடான பிளாஸ்டிக்கில் அழுத்தியோ ஊசிமுறை வார்ப்பிலோ எடுக்கிறார்கள். அச்சு விலை அதிகம், ஒவ்வொரு சிப்பும் மலிவு. மாட்டுவது எங்கே என்றால், ரப்பர் வளைந்து அச்சிலிருந்து கழன்று வரும், கெட்டிப் பிளாஸ்டிக் வராது. சுவர்களை லேசாகச் சரிவாக்க வேண்டியிருக்கும். ரப்பர் நெளிவதை நம்பி வால்வு வைத்திருந்தால் வடிவமைப்பையே மாற்ற வேண்டும். ஆகவே தொழிலாக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.

எங்க காலேஜ்ல ஒண்ணுமே இல்ல. எங்க போறது, என்ன கொண்டு போகணும்?

மத்திய அரசின் ஐஎன்யுபி (இந்திய நானோமின்னணுப் பயனர்) திட்டத்தின் கீழ் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், ஐஐடி மும்பை, ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட மையங்களில் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களும் மாணவர்களும் விண்ணப்பித்துப் பயிற்சி பெறலாம், கருவிகளையும் பயன்படுத்தலாம். அச்சை அங்கே செய்து வாங்கிக்கொண்டு வந்தால், பிடிஎம்எஸ், வெற்றிடக் கலம், அடுப்பு இருந்தால் போதும், மற்றதை உங்கள் ஊரிலேயே முடிக்கலாம். ஓர் அச்சு நன்றாகப் பராமரித்தால் பல பத்து வார்ப்புகள் தாங்கும்.

போகும்போது மாஸ்க் கோப்பைக் கொண்டு போங்கள். மிகச் சிறிய கோட்டின் அகலம் எவ்வளவு, சேனல் உயரம் எவ்வளவு என்று தாளில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எது கறுப்பு எது வெள்ளை என்று சரிபாருங்கள். எஸ்யு-8-இல் ஒளி படும் இடம்தான் நிற்கும், எனவே சேனல் வரவேண்டிய இடம் மாஸ்க்கில் தெளிவாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். நானே ஒருமுறை இதை மாற்றி அனுப்பி, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி, சேனலுக்குப் பதில் வேஃபர் முழுக்க மேடும் நடுவில் சேனல் வடிவக் குழியும் வந்த அச்சைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்த வேஃபர் இன்னும் என் மேசையில் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்ட.